காலியாக விட்ட இடம்



வீடு கட்டுவோர் சிலர், பின்னொரு நாள் மாடி எழுப்ப நேரலாம் என்றெண்ணித் தூண்களின் உச்சியிலே கம்பிகளை நீட்டி விட்டுவைப்பார்கள். கணிப்பொறியின் தாய்ப்பலகையில் வரிசையாக அமைந்துள்ள நீண்ட பிளவுகளும் அத்தகையனவே. கடைத்தெருவில் அவற்றை ‘ஸ்லாட்’ என்பர். நாம் செருகுவாய் என்போம்.

1977-இல் ஆப்பிள் II உருவானபோது இதுபற்றியே ஒரு வழக்கு எழுந்தது. அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, ஆக இரண்டு செருகுவாய்கள் போதும் என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் கட்சி. எட்டு வேண்டும் என்று வாதிட்ட ஸ்டீவ் வாஸ்னியாக் விட்டுக்கொடுக்கவில்லை; எட்டே நிலைத்தன. என் கருத்தில், நியாயம் வாஸ்னியாக்கின் பக்கமே. தம் பொறியைக் கொண்டு பிறர் என்னென்ன செய்வர் என்பதைத் தாம் முழுதும் அறியார் என்ற அடக்கம் அதில் இருந்தது.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் ஐந்து செருகுவாய்களுடன் தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. ஒவ்வொன்றிலும் 62 தொடுமுனைகள். மின்சுற்று வரைபடங்களையும் நூலாக அச்சிட்டு விற்றது. கதவு திறந்தது, பலரும் அட்டைகள் செய்யலாயினர். அவர்களுள் ஒருவர் தாய்லாந்தினரான வான் சுவன்னுகுல். தம் ஆராய்ச்சி ஏட்டைத் தம் நாட்டு எழுத்திலே எழுத விரும்பினார். ஐ.பி.எம். அளித்த திரையட்டைகளில் ஒன்று ரோமன் எழுத்துகளை மட்டுமே அழகுறக் காட்டியது. மற்றொன்றின் புள்ளிகளோ பருமனானவை. ஆகவே குறுக்கே 720, நெடுக்கே 348 புள்ளிகள் காட்டும் அட்டையைத் தாமே வடித்தார். 1982-இல் அது ஹெர்குலிஸ் என்ற பெயரோடு விற்பனைக்கு வந்தது.

அட்டையைச் செருகுவதும் அந்நாளில் எளிதன்று. இரண்டு அட்டைகள் ஒரே குறுக்கீட்டு எண்ணைக் கோரினால் பொறி முடங்கும். ஜம்பர் என்னும் கடுகளவுத் துண்டுகளை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். கைநழுவிய ஜம்பரைத் தேடி மேஜையடியில் தவழ்ந்தவர்களுள் நானும் ஒருவன்.

1987-இல் ஐ.பி.எம். மனம் மாறிற்று. பழைய அட்டைகள் பொருந்தாத புதிய செருகுவாயை அமைத்து, அதைப் பயன்படுத்தும் பிறரிடம் உரிமைத்தொகை கேட்டது. மறு ஆண்டே காம்பாக் முதலிய ஒன்பது நிறுவனங்கள் கூடி, பழைய அட்டைகளும் பொருந்தும்படி வேறொன்றை அறிவித்தன. ஈற்றில், 1992-இல் இன்டெல் வகுத்த பி.சி.ஐ. இரண்டையும் ஒதுக்கியது.

இவ்வழக்கில் நமக்கென்ன பங்கு என்று கேட்கலாம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் தோன்றி, புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டை அந்தப் பழைய செருகுவாயிலேதான் புகுந்தது. இந்திய மொழி எதனையும் அறியாத டாஸ் நிரல்கள் திரைக்கு அனுப்பியவற்றை அது இடைமறித்து, தேவநாகரியாகவும் தமிழாகவும் வரைந்து காட்டியது. ஆங்கிலத்துக்கென்றே எழுதப்பட்ட டிபேஸில் தமிழ்ப் பெயர்ப்பட்டியல் ஏறியது. ஐந்து செருகுவாய்களை அமைத்த பொறியாளர்களின் கணக்கில் நம் எழுத்து இருந்திராது. இடம் மட்டும் இருந்தது.

விண்டோஸ் வந்து, மென்பொருளே எழுத்துகளை வரையத் தொடங்கியபின் ஜிஸ்ட் அட்டைக்கு வேலை குறைந்தது. அதைச் செருகுதற்கேற்ற வாயும் இன்று கடையில் விற்கும் தாய்ப்பலகைகளில் பொதுவாக இல்லை.