வாடகை வீட்டின் காற்று

ராஜபாளையத்தை அடுத்து, நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் கொண்ட தேவதானத்திலும் அதைச் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களிலும், வீட்டுக்குள் புகை தேங்காமலிருக்க முன்பு யாரும் சட்டம் போட வேண்டியிருக்கவில்லை. பனையோலையும் நாட்டு ஓடும் வேய்ந்த கூரையில் இடுக்குகள் ஏராளம். அடுப்படி பின்கட்டில், பல வீடுகளில் தனிச் சாய்ப்பாகவே இருந்தது. அந்தப் புகைக்குப் பெண்கள் கண்ணாலும் நுரையீரலாலும் கொடுத்த விலை பெரிது. பழைய அடுப்படியைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் விறகும் கரியும் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் கார்பன் மோனாக்சைடு அங்கே கொல்லும் அளவுக்குச் சேர வழி குறைவு. நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம். வீட்டைக் கட்டியவரே பெரும்பாலும் அதில் குடியிருந்ததால், காற்றுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே அன்று எழவில்லை.

கட்டுகிறவர் ஒருவர், மூச்சுவிடுகிறவர் வேறொருவர் என்று ஆனபோதுதான் அது எழுந்தது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். நூற்பாலைகள் பெருகப் பெருக, சுற்றுக் கிராமத்து ஆட்கள் கூலி வேலைக்கு வந்தார்கள். வளவுகளும் வரிசை வீடுகளும் வாடகைக்கு எழுந்தன. ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் தளம் வந்தபின் அடுப்பும் படுக்கையும் ஒரே அறைக்குள் அடைபட்டன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பணியிடத்தில் போதிய காற்றோட்டம் இருக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கட்டளையிட்டது. அதே தொழிலாளி ஷிப்ட் முடிந்து வாடகை அறைக்குத் திரும்பியதும் அவருடைய மூச்சு சட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் முதன்மைக் கவலை நியாய வாடகையும் காலி செய்விப்பதும்தான். அதுவும் சென்னை, மதுரை, நகராட்சிகள் என்ற வட்டத்துக்குள் இயங்கியது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிடைத்தது தேவதானத்துக்குத் தானாக வந்து சேரவில்லை. அதன் இடத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பு வேலைகளை உரிமையாளருக்கும் குடித்தனக்காரருக்கும் பிரித்து ஓர் அட்டவணையே தந்தது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், மின்கம்பி எல்லாம் உரிமையாளர் பக்கம். கீசர் பழுது குடித்தனக்காரர் பக்கம்.

வாடகை வீட்டின் காற்றோட்டத்துக்கு உரிமையாளரே பொறுப்பு என்றால், இந்த வெக்கையில் யார் கதவைச் சாத்துகிறார்கள், இது குளிர்நாட்டுச் சங்கதி அல்லவா என்று கேட்கலாம். ஆனால் சமையல் எரிவாயுவில் ஓடும் கீசரை மாட்டுவது குளியலறையில். அங்கே கதவைச் சாத்தாமல் யாரும் குளிப்பதில்லை. கொடைக்கானலில் குளிருக்குக் கரி மூட்டிய அறையில் படுத்தவர்கள் இறந்ததும் நம் மாநிலத்துச் செய்திதான். குடியிருப்பவரின் அஜாக்கிரதைக்கு வீட்டுக்காரர் எப்படிப் பொறுப்பாவார் என்பது இன்னும் வலுவான கேள்வி. கரிச்சட்டியை உள்ளே கொண்டுபோவது குடித்தனக்காரர் செய்கை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜன்னலில்லாத குளியலறையைக் கட்டியவரும், அதில் கீசரை மாட்டிக்கொடுத்து வாடகையை உயர்த்தியவரும் அவரில்லையே. சுவரை உடைத்துக் காற்றுப்போக்கி வைக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. உரிமை எவர் கையிலோ, கடமையும் அவர் கையில் இருப்பதே முறை.

வாடகையையே நம்பிப் பிழைக்கும் சிறு உரிமையாளர் செலவுக்கு எங்கே போவார் என்பதையும் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில்கூட எல்லாம் ஒரே நாளில் வரவில்லை. வாடகை வீட்டு எரிவாயுக் கருவிகளை ஆண்டுதோறும் சோதித்துச் சான்று தர வேண்டும் என்ற 1998ஆம் ஆண்டு விதிமுறை முன்பே இருந்தது. 2015 அக்டோபரில்தான், விறகோ நிலக்கரியோ எரிக்கும் அறைகளில் உரிமையாளர் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி வைப்பது கட்டாயமானது. 2022 அக்டோபரில் அது எரிவாயு பாய்லர் உள்ள அறைகளுக்கும் விரிந்தது. சமையல் அடுப்புக்கு மட்டும் இன்றும் விலக்கு. அந்த விதியை அப்படியே இங்கே இறக்கினால் பயனில்லை. விறகடுப்பு எரியும் ஒற்றை அறையில் கருவி ஓயாமல் அலறும். இரண்டாம் நாளே பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். நமக்கு முதலில் வேண்டியது சுவரில் திறப்பு, கருவி அதற்கடுத்தது. குளியலறைக்குள் இருக்கும் எரிவாயு கீசரை வெளிச்சுவருக்கு மாற்றுவதும், அடுப்பறைக்கு அடைக்க முடியாத காற்றுவழி விடுவதும் சில மாத வாடகையைக்கூடத் தாண்டாத வேலை. அதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் எரிவாயு கீசர் உரிமையாளர் பக்கம் நகர வேண்டும். காற்றோட்டம் என்ற சொல் அங்கே இடம்பெற வேண்டும். நகர்ப்புற எல்லைக்கு வெளியே வாடகைக்கு விடப்படும் வீடுகளையும் அது தொட வேண்டும்.