வணிகக் கல்வியும் ஒரு தத்துவப் பேராசிரியரும்

வணிகம் பொருளைத் தேடுவது. தத்துவம் மெய்ப்பொருளைத் தேடுவது. இவ்விரண்டிற்கும் யாது தொடர்பு எனச் சிலர் வினவுவர். நம் முன்னோர்க்கு இவ்வையம் எழவில்லை. வள்ளுவப் பெருந்தகையார் வணிகருக்குரிய நெறியைக் கூறும் குறளைப் பொருட்பாலில் வைத்திலர். அறத்துப்பாலிலே, நடுவு நிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்தார். பண்டம் மாற்றும் கையை அறிவும் அறமும் ஆள வேண்டும் என்பது அவர் கருத்து. இக்கருத்தை இந்நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலே பல்கலைக்கழகக் கல்வியின் நடுவிற்குக் கொணர முயன்றவருள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவரைத் தத்துவ ஞானியாகவும் இந்தியக் குடியரசின் தலைவராகவும் அறிந்தோர் பலர். வணிகக் கல்விக்கு அவர் தலைமையிலே வகுக்கப்பட்ட நெறியை அறிந்தோர் சிலரே.

இராதாகிருஷ்ணன் 1888 ஆம் ஆண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி, முருகன் திருத்தலமாகிய திருத்தணியிலே, எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவத்தைப் பாடமாகக் கொண்டதற்குக் காரணம் ஞான வேட்கையன்று. உறவினர் ஒருவர் தாம் கற்று முடித்த தத்துவ நூல்களை அவருக்குக் கொடுத்தார். நூல் வாங்கும் செலவு மிஞ்சியது. வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்று மேலைநாட்டார் கூறிய குறையை மறுத்து அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1908 இல், அவர்க்கு இருபது வயதாகும் வேளையில், நூலாக வெளிவந்தது. வறுமை காட்டிய வழியே சென்றவர் அவ்வழியிலே தம் வாழ்வின் பணியைக் கண்டார் எனலாம்.

சென்னை, மைசூர், கல்கத்தா ஆகிய இடங்களிற் கற்பித்தபின், 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கும், 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தராயிருந்தார். 1936 இல் ஒக்ஸ்போட்டிலே கீழைத்தேயச் சமயங்களுக்கும் ஒழுக்கவியலுக்குமுரிய பேராசிரியராயினார். ஆகவே 1948 நவம்பரில் சுதந்திர இந்தியா தன் பல்கலைக்கழகங்களை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தபோது, அதன் தலைமை அவரைச் சார்ந்தது இயல்பே. 1949 ஓகஸ்டில் அறிக்கை நிறைவெய்தியது. அவ்வறிக்கை அவர் ஒருவரின் ஆக்கமன்று. பதின்மர் கூடி ஆக்கியது. இலட்சுமணசாமி முதலியார், சாகிர் உசேன், மேகநாத் சாகா ஆகியோர் அப்பதின்மருட் சிலர்.

சட்டம், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றோடு வணிகத்தையும் ஒரு தொழிற்கல்வியாக எண்ணி அவ்வறிக்கை ஆராய்ந்தது. இதுவே பெரிய மாற்றம். பம்பாயிலே சிடெனம் வணிகக் கல்லூரி 1913 இல் எழுந்தது முதல் இந்தியாவில் வணிகப் பட்டக் கல்வி வளர்ந்து வந்ததாயினும், அது பெரும்பாலும் ஏட்டுக் கல்வியாகவே நின்றது. குழுவினர் கூறியவை மூன்று. வணிக மாணவன் கற்கும் காலத்திலேயே வெவ்வேறு வகையான மூன்று நான்கு நிறுவனங்களிற் செய்முறைப் பயிற்சி பெறுதல் வேண்டும். பட்டம் பெற்றபின் சிலர் கணக்கியல் போன்ற ஒரு துறையிலே சிறப்புப் பயிற்சி பெறுதல் வேண்டும். முதுமாணிப் படிப்பிற்குச் செல்லும் மிகச் சிலரும் செய்முறை அனுபவம் பெற்ற பின்னரே செல்லல் வேண்டும். அப்படிப்பும் ஏட்டளவில் நில்லாதிருத்தல் வேண்டும்.

நோயாளியைக் காணாது மருத்துவனாதல் இயலாது. கடையையும் களஞ்சியத்தையும் காணாது வணிகம் கற்றல் மட்டும் எங்ஙனம் இயலும்? அமெரிக்காவின் அன்ரியொக் கல்லூரியிலே படிப்பையும் தொழிலையும் மாறிமாறிப் பயிலும் முறையை 1921 இல் நிலைநாட்டிய ஆதர் மோர்கன் இக்குழுவில் ஓர் உறுப்பினராயிருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும் தொழிற்றிறன் மட்டும் போதும் என்று குழு அமையவில்லை. எத்துறை மாணவனும் பொதுக் கல்வி பெறுதல் வேண்டும். நாட்பணி சில நிமிட மௌனத் தியானத்துடன் தொடங்குதல் வேண்டும். பட்டப் படிப்பின் முதலாண்டிலே சமயப் பெரியார் வரலாறும், இரண்டாம் ஆண்டிலே உலக மறைநூல்களின் பொதுமைப் பகுதிகளும், மூன்றாம் ஆண்டிலே சமயத் தத்துவத்தின் அடிப்படைப் பிரச்சினைகளும் கற்பிக்கப்படல் வேண்டும் என்றும் அறிக்கை விதந்துரைத்தது. இங்கே தத்துவப் பேராசிரியரின் குரலை நாம் கேட்கின்றோம். இலாபத்தைக் கணக்கிடக் கற்பவன், எது இலாபம் என்று சிந்திக்கவும் கற்றல் வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

இவ்விதப்புரைகள் முற்றாக நிறைவேறின என்று கூறுதல் உண்மையாகாது. 1961 இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள் தோன்றின. ஆங்கே நிறுவனப் பயிற்சி கல்வியின் ஓர் உறுப்பாயிற்று. ஆனால் பொதுவான வணிகப் பட்டக் கல்வி நெடுங்காலம் பழைய தடத்திலேயே சென்றது. பயிற்சியை ஏற்ற இடங்களிலும் தியானத்தையும் தத்துவத்தையும் ஏற்றவர் அரியர். இராதாகிருஷ்ணன் 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராயிருந்து, 1975 ஏப்ரல் 17 இல் மறைந்தார். அவர் பிறந்தநாள் இந்தியாவிலே ஆசிரியர் தினமாகப் போற்றப்படுகின்றது. அவர் அறிக்கையோ நூலகங்களிலே உறங்குகின்றது.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இதனால் ஆவது யாது? வணிகம் நமக்குப் புதிதன்று. நம் தோட்டங்களில் விளைந்த புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூர் சென்றது. 'மலையாளப் புகையிலை' என்னும் பெயரே அதற்குச் சான்று. தென்னிலங்கை நகரங்களிலே நம்மவர் கடை நடத்திப் பெயர் பெற்றனர். ஆயினும் கடைக்காரரின் மகன் கற்றது கடையை நடத்துதற்கன்று, கடையை விட்டு இலிகிதர் பதவியில் அமர்தற்கே. கல்வி ஒருபுறமும் தொழில் ஒருபுறமும் நின்றன.

இன்று பாடசாலைகளின் உயர்தர வகுப்புகளில் வணிகம் தனியொரு பிரிவாயுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடம் இயங்குகின்றது. எனினும் ஐந்தொகையைப் பிழையின்றிச் சமப்படுத்தும் நம் மாணவருள், ஒரு கடையின் கணக்கேட்டைக் கையால் தொட்டவர் எத்துணையர்? குறிப்பை மனனஞ் செய்து பரீட்சையிற் சித்தியெய்துவதே வணிகக் கல்வியாகுமாயின், அது வணிகமுமாகாது, கல்வியுமாகாது.

இக்குறையை நீக்குதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. நம் பழைய மாணவருள் வணிகர் உளர், கணக்காளர் உளர், கூட்டுறவுச் சங்கங்களை நடத்துவோர் உளர். விடுமுறைக் காலத்திலே ஒவ்வொரு வணிக மாணவனையும் சில வாரம் தம்மிடத்து வைத்துப் பயிற்றுதல் அவர்க்கு அரிதன்று. அப்பயிற்சியினின்று மீளும் மாணவன், ஆங்குக் கண்டவற்றுள் எது நேர்மை, எது நேர்மையன்று எனத் தன் ஆசிரியரோடு ஆராய்தல் வேண்டும். அந்த ஆராய்ச்சியே தத்துவம். பிறர் தந்த பழைய நூல்களைக் கொண்டு கற்ற திருத்தணிச் சிறுவன் நமக்கு விட்டுச்சென்ற முதல் அதுவே. அதனை வைத்து வாணிகஞ் செய்தல் நம் கடன்.