தமிழ்நாட்டில் அரசுப் பணி விருப்பம்

'கால் காசு என்றாலும் கவர்மெண்டு காசு' என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. சம்பளம் குறைவானாலும் அது மாதந்தோறும் தவறாமல் வருவதே பெரிது என்னும் எண்ணத்தை இது காட்டுகிறது.

தோற்றம்

பிரித்தானியர் ஆட்சியில் ஆங்கிலம் கற்றோரின் இலக்காக அரசு உத்தியோகம் அமைந்தது. மழையை நம்பிய வேளாண்மை தராத நிலையான வருமானத்தையும் முதுமையில் ஓய்வூதியத்தையும் அது தந்தது. ஆனால் இவ்வாய்ப்பு எல்லாச் சமூகத்தினருக்கும் கிட்டவில்லை. இக்குறையைப் போக்க நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வகுப்புவாரி அரசாணையை வெளியிட்டது. 1929இல் சென்னை மாகாணத்தில் பணியாளர் தேர்வாணையம் அமைக்கப்பட்டது. இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது.

ஓய்வூதிய மாற்றம்

2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசுப் பணியில் சேர்ந்தோருக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவரப்பட்டது. இதன்படி ஊழியரின் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடிக்கப்பட்டது. அதே அளவு தொகையை அரசும் செலுத்தியது. அவ்வாண்டு ஜூலையில் ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். சுமார் 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். எந்நாளும் பறிபோகாது என நம்பப்பட்ட வேலையும் ஓர் ஆணையால் பறிபோகலாம் என்பதை அக்குடும்பங்கள் நேரில் கண்டன.

இன்றைய நிலை

ஆயினும் விருப்பம் குறையவில்லை. இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் முதலிய பணிகளுக்கான 2022ஆம் ஆண்டுத் தொகுதி 4 தேர்வில், முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்கு ஏறத்தாழ 22 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். பழைய ஓய்வூதியம் இல்லாதபோதும், பணிப் பாதுகாப்பும் ஊரில் கிடைக்கும் மதிப்பும் சிபாரிசு இன்றித் தேர்வெழுதி நுழையும் வழியும் இளைஞர்களை ஈர்க்கின்றன.