ஜான் சார்ட்

ஜான் ரூஸ் மெரியட் சார்ட் (1847–1897) பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவு அதிகாரி. 1879 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்னுமிடத்தில் ஜூலு படையை எதிர்த்து நின்றதற்காக, பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றவர்.

இங்கிலாந்தில் பிளிமத் நகருக்கு அருகே 1847 டிசம்பர் 21 அன்று பிறந்தார். வூலிச் ராணுவக் கழகத்தில் பயின்று 1868இல் லெப்டினன்ட் ஆனார். பெர்முடாவிலும் மால்ட்டாவிலும் அரண் கட்டும் பணிகளில் சில ஆண்டுகள் கழிந்தன. 1879 வரை போர்க்களத்தைப் பார்த்ததில்லை. பதவி உயர்வும் இல்லை.

ஜூலு அரசர் செட்ஷ்வாயோ தம் படையைக் கலைக்க வேண்டும் என்று 1878 டிசம்பரில் பிரிட்டிஷ் தரப்பு கெடு விதித்தது. எந்த அரசரும் ஏற்க முடியாத நிபந்தனை அது. கெடு முடிந்ததும் 1879 ஜனவரி 11 அன்று படையெடுப்பு தொடங்கியது. ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் பஃபலோ ஆற்றைக் கடக்கப் படைகளுக்கு உதவும் மிதவைகளைப் பராமரிக்க வந்தவர்தான் சார்ட்.

ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் முகாமை ஜூலு வீரர்கள் அழித்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். தப்பி வந்த குதிரை வீரர்கள் பிற்பகலில் ஆற்றங்கரையில் இருந்த சார்ட்டிடம் செய்தி சொன்னார்கள். மேலதிகாரி அன்று வெளியே சென்றிருந்தார். காலாட்படை லெப்டினன்ட் புரோம்ஹெட்டைவிட சார்ட்டுக்குப் பணிமூப்பு அதிகம் என்பதால் தலைமை அவரிடம் வந்தது. நோயாளிகளை ஏற்றிய மாட்டுவண்டிகளோடு ஓடினால் வழியிலேயே பிடிபடுவோம் என்று வாதிட்டவர் உணவுக்கிடங்கு அலுவலர் டால்டன். அவர் சொன்னதை ஏற்று அங்கேயே நின்று போரிட முடிவாயிற்று. அங்கிருந்த மருத்துவமனையையும் கிடங்கையும் இணைத்து மக்காச்சோள மூட்டைகளால் மார்பளவுச் சுவர் எழுந்தது.

சண்டை தொடங்குமுன்பே உள்ளூர்ப் படையினர் கலைந்து ஓடினர். எஞ்சியவர்கள் 140 பேரளவே; அவர்களிலும் பலர் நோயாளிகள். இவ்வளவு நீளச் சுவரைக் காக்க ஆள் போதாது என்று கணக்கிட்ட சார்ட், பிஸ்கட் பெட்டிகளால் நடுவே ஓர் உள்சுவர் கட்டச் சொன்னார். அன்றைய முடிவுகளில் முழுக்க அவருடையது என்று சொல்லத்தக்கது இதுதான். மருத்துவமனை தீப்பற்றி எரிந்தபோது பின்வாங்கி நிற்க இடம் தந்ததும் அந்தச் சுவரே.

தாக்க வந்தவர்கள் 3,000 முதல் 4,000 பேர். பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த நேட்டாலுக்குள் நுழைய வேண்டாம் என்ற அரசர் கட்டளையை மீறி இளவரசர் டபுலமான்சி அவர்களை அழைத்து வந்திருந்தார். துப்பாக்கிச் சூட்டுக்கு எதிரே குறுவேலும் கேடயமும் ஏந்தி, மாலை முதல் நள்ளிரவு தாண்டியும் அலையலையாக வந்த அவர்களுடைய துணிவு எந்தப் பதக்கத்துக்கும் குறைந்ததன்று. விடிந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் 17 பேர் இறந்திருந்தனர் அல்லது இறக்கும் நிலையில் இருந்தனர். அரணைச் சுற்றி ஏறத்தாழ 350 ஜூலு உடல்கள் எண்ணப்பட்டன. காயமுற்றுக் கிடந்த ஜூலு வீரர்களும் பின்னர் கொல்லப்பட்டார்கள். சார்ட்டின் புகழைப் பாடும் நூல்கள் பல, இந்தக் கொலைகளை ஓரிரு வரியில் கடந்துவிடுவது நேர்மையாகாது.

அந்த ஓர் இரவுக்கு 11 விக்டோரியா கிராஸ்கள் வழங்கப்பட்டன. வீரர்கள் தகுதியுடையவர்களே; ஆனால் இசாண்டில்வானாத் தோல்வியை மக்கள் மனத்திலிருந்து மறைக்க அரசுக்கும் ராணுவத்துக்கும் இந்த வெற்றி தேவைப்பட்டது. சார்ட் கேப்டனாகவும், உடனே மதிப்புநிலை மேஜராகவும் உயர்த்தப்பட்டார். 1879 ஜூலை 16 அன்று பதக்கத்தை அணிவித்த தளபதி வூல்ஸ்லி, சார்ட்டைத் தம் குறிப்புகளில் மந்தமானவர் என்றே எழுதினார். விக்டோரியா அரசியோ அவரைப் பால்மோரல் அரண்மனைக்கு அழைத்து, அவர் வாயால் கதை கேட்டார்.

பின்னர் சைப்ரஸ், சிங்கப்பூர், ஸ்காட்லாந்தின் பெர்த் ஆகிய இடங்களில் பணியாற்றி கர்னல் ஆனார். மணம் செய்துகொள்ளவில்லை. நாக்கில் வந்த புற்றுநோயால் 1897 நவம்பர் 1 அன்று, சாமர்செட்டில் பாதிரியாராக இருந்த தம்பியின் இல்லத்தில் காலமானார்.

1964இல் வெளிவந்த ‘ஜூலு’ திரைப்படத்தில் சார்ட்டாக நடித்தவர் ஸ்டான்லி பேக்கர். சார்ட்டின் விக்டோரியா கிராஸின் நகல் என்று கருதப்பட்ட ஒன்றை அவர் 1972இல் ஏலத்தில் வாங்கினார். பேக்கர் இறந்து இருபதாண்டு கழித்து நடந்த உலோகச் சோதனையில் அது அசல் பதக்கம் என்று தெரியவந்தது.