வரலாற்றுத் தேர்வுக்குத் தானே படித்தல் (சேர்வராயன் மலை)

பயிற்சி மையத்தில் சேராமல், அரசுப் போட்டித் தேர்வின் வரலாற்றுப் பகுதிக்கு வீட்டிலிருந்தே படிப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில், தலைச்சோலை போன்ற மலைச் சிற்றூர்களில், பலருக்கு அதுதான் வழி. கோச்சிங் வேண்டுமென்றால் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய், மாலையில் திரும்ப ஏற வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு இரவுதான் மிச்சம்.

இங்கே தேர்வு என்றால் பெரும்பாலும் டிஎன்பிஎஸ்சி. 1929இல் சென்னை மாகாணத்தில் உருவான பணித் தேர்வாணையத்தின் வழிவந்தது அது. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான குரூப் 4 தாளில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழுக்கு 100 கேள்வி. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வரலாற்றுக்குத் தனித்தாள் கிடையாது. பொது அறிவுக்கான 75 கேள்விகளுக்குள் சிந்துவெளி, குப்தர், விஜயநகரம், விடுதலைப் போராட்டம், தமிழகச் சமூக இயக்கங்கள் எல்லாம் அடங்கும்.

தனியே படிப்பவருக்குக் கைகொடுப்பது ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான அரசுப் பாடநூல்கள். இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். 2018, 2019இல் பாடத்திட்டம் மாறியபின் 'பழைய புக்', 'புது புக்' என்ற பிரிவு வந்தது. இரண்டையும் படிப்பவர்கள் உண்டு. என் கணிப்பில், புதிய நூலின் பெட்டிச் செய்திகளையும் காலவரிசைப் பட்டியல்களையும் முடிக்காமல் பழையதைத் தொடுவது வீண் சுமை. கோச்சிங் இல்லாததால் பாடம் விளங்காமல் போவதில்லை. எங்கே நிறுத்துவது என்று சொல்லத்தான் ஆள் இருப்பதில்லை. பழைய வினாத்தாள்கள் அதை ஓரளவு சொல்லிவிடும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாக வகுப்பு நடத்துகிறது.

உள்ளூர் வரலாறு இந்தத் தேர்வுக்கு அதிகம் உதவாது. 1820களில் காப்பியையும் ஆரஞ்சையும் இந்த மலைக்குக் கொண்டுவந்த ஆட்சியர் காக்பர்ன், காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று மலையாளி பழங்குடியினர் வழிவழியாகச் சொல்லும் கதை ஆகியவை பாடநூல் கேள்விகளுக்கு வெளியே நிற்பவை. ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் பெரிய விதிவிலக்கு: ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர். 'இந்தியத் தொல்வரலாற்றின் தந்தை யார்?' என்று மனப்பாடம் செய்யும் மாணவருக்கு, அவர் கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்ததோ, 1912இல் கல்கத்தாவில் இறந்தபின் அவருடைய அஸ்தி ஏற்காட்டுத் தேவாலயத்துக்கு வந்ததோ தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். அவர் 1882இல் ஏற்காட்டில் இறந்தார். ஆனால் வினாத்தாளில் வருவது, முதல் கருவி கிடைத்த இடம் பல்லாவரமா அத்திரம்பாக்கமா என்பதுதான். ஃபுட் இரண்டு இடத்திலும், ஒரே ஆண்டில், கருவி எடுத்தவர் என்பதால் இங்கே சறுக்குபவர்கள் உண்டு. முதலாவது பல்லாவரம்.

'கூற்று, காரணம்' வகைக் கேள்விகளில் இரண்டும் உண்மையாக இருந்து, காரணம் மட்டும் கூற்றுக்குப் பொருந்தாமல் போகலாம். ஆண்டுகளை மட்டும் உருப்போட்டவர் அகப்பட்டுக்கொள்வது இதில்தான்.

தேர்வு நாளில் விடைத்தாளைக் கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் நிரப்ப வேண்டும். நான்கு விடைகளுக்கு அப்பால் 'விடை தெரியவில்லை' என ஐந்தாவது வட்டம் உண்டு. தெரியாத கேள்வியை வெறுமனே விட்டால் மதிப்பெண் குறையும். அந்த வட்டத்தையாவது கறுப்பாக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால், ஊகித்துப் போடுவதே பலரின் வழக்கம். கடைசியில் எந்த எழுத்தை எத்தனை முறை நிரப்பினோம் என்று எண்ணி எழுத வேண்டும். வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகாதவருக்கு அந்தக் கடைசி நிமிடங்கள் போதாது.

சில நாளில் தற்காலிக விடைக்குறிப்பு வெளிவரும். தவறு என்று தோன்றினால் ஒரு வாரத்துக்குள், பாடநூல் பக்கத்தை ஆதாரமாக இணைத்து ஆட்சேபம் அனுப்பலாம்.