பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம்

எங்கள் தெருமுனை டீக்கடையில் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை சாய்ந்து நிற்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். ஒரு ஓரம் கிழிந்திருக்கும். நடுவில் கடலைமாவு ஒரு சொட்டு விழுந்து காய்ந்து ஒட்டியிருக்கும். ஆனாலும் போனைக் காட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் படித்துவிடும். "அந்த மாவைத் துடைக்கக் கூடாதாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன். "அது பாட்டுக்கு வேலை செய்யுது, நீங்க டீயக் குடிங்க சார்" என்றார் மாஸ்டர்.

மாவு ஒட்டினாலும் வேலை செய்யும்படி அட்டையில் உள்ள அந்தச் சதுரத்தை வகுத்தவர் ஜப்பான்காரர், பெயர் மசாஹிரோ ஹாரா. அவர் மனதில் இருந்தது பஜ்ஜி மாவு இல்லை, கார் தொழிற்சாலையின் கிரீஸ்.

அதற்கு முன்னால் பார்கோடு. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரின் பலசரக்குக் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டை முதன்முதலாக ஸ்கேன் செய்தார்கள். கடைக்கு அது போதும்; விலை தெரிந்தால் வேலை முடிந்தது. கார் உதிரிபாகத்துக்குப் போதாது. எந்தப் பாகம், எந்தத் தேதி, எங்கிருந்து வந்தது, எங்கே போக வேண்டும் என்று அதற்கு ஒரு ஜாதகமே உண்டு. பார்கோட்டில் ஏறுவதோ இருபது எழுத்து. ஜப்பானிய எழுத்து ஏறவே ஏறாது. ஆகவே டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ தொழிற்சாலையில் ஒரே பெட்டியில் பத்து பார்கோடு வரை ஒட்டினார்கள். தொழிலாளிகள் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை வரை ஸ்கேன் செய்யும் துப்பாக்கியை நீட்டி நீட்டி அலுத்துப்போனார்கள். இன்னும் வேகமாகப் படிக்கும் கருவி வேண்டும் என்று கேட்டார்கள்.

ஹாராவின் வேலையே அந்தக் கருவியைச் செய்வதுதான். ஆனால் கருவியை எவ்வளவு தீட்டினாலும் பயனில்லை, படிக்கப்படும் குறியையே மாற்ற வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மதிய இடைவேளையில் 'கோ' ஆடுகிற பழக்கம் அவருக்கு உண்டு. கட்டம் போட்ட பலகையில் கறுப்புக்காயும் வெள்ளைக்காயும் வைத்து ஆடுகிற ஆட்டம். கோடு ஒரு திசையில்தான் பேசும், கட்டம் இரண்டு திசையிலும் பேசும் என்பது அந்தப் பலகையைப் பார்த்து வந்த யோசனை.

யோசனை வந்துவிட்டது. ஆனால் அட்டைப்பெட்டியில் ஆயிரம் அச்சு இருக்கும்போது, இதுதான் சதுரம் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஹாராவும் அவருடைய சிறு குழுவும் பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள், அட்டைப்பெட்டிகள் என்று கையில் கிடைத்த அச்சையெல்லாம் எடுத்துவைத்து, கறுப்பும் வெள்ளையும் என்ன அளவில் மாறிமாறி வருகின்றன என்று அளந்தார்கள். உலகத்து அச்சில் அரிதாகவே வருகிற ஒரு விகிதத்தைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும். கிடைத்தது 1:1:3:1:1. இனிமேல் டீக்கடை அட்டையைப் பார்க்கும்போது மூன்று மூலைகளிலும் உள்ள கட்டத்துக்குள் கட்டத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் எந்தப் பக்கமாகக் கோடு கிழித்தாலும் கறுப்பு ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு, கறுப்பு மூன்று, வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று. நான்காவது மூலையில் அது கிடையாது. அதனால்தான் அட்டையைத் தலைகீழாக மாட்டினாலும் போனுக்குக் குழப்பமில்லை.

கிரீஸ் பட்டு அழிந்தால்? அதற்கும் ஏற்பாடு செய்தார்கள். சொன்னதையே வேறு கணக்கில் இன்னொரு முறை சொல்லி வைக்கிற உபாயம். அதிகபட்ச அளவில் வைத்தால் முப்பது சதவீதம் வரை அழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துவிடலாம். 1994-இல் சதுரம் வெளியே வந்தது. சட்டென்று பதில் சொல்வதால் குவிக் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக கியூஆர். காப்புரிமை டென்சோவிடம்தான் இருந்தது; ஆனால் வகுத்த முறைப்படி பயன்படுத்துகிற யாரிடமும் கட்டணம் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கேட்டிருந்தால் நம் மாஸ்டருக்கு இந்த அட்டை கிடைத்திருக்காது.

இனி இந்தியா. சதுரம் என்பது வெறும் எழுத்துதானே, அதில் காசு ஓட ஒரு தண்டவாளம் வேண்டாமா? ரிசர்வ் வங்கியும் வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008-இல் உருவாக்கிய என்பிசிஐ, 2010 நவம்பரில் ஐஎம்பிஎஸ் முறையைக் கொண்டுவந்தது. நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கணக்கு விட்டுக் கணக்குக்குப் பணம் போகத் தொடங்கியது அதில்தான். ஆனால் அனுப்ப வேண்டுமென்றால் பெரும்பாலும் நீளமான கணக்கு எண்ணும் பதினோரு எழுத்து ஐஎஃப்எஸ்சி கோடும் வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதி, மூன்று தடவை சரிபார்த்து, அப்புறமும் பயத்தோடு பட்டனை அமுக்குவோம். டீக்கு இதெல்லாம் ஆகுமா?

அந்தத் தண்டவாளத்தின் மேல் வந்ததுதான் யூபிஐ. கணக்கு எண்ணுக்குப் பதிலாக ஒரு செல்லப்பெயர் போதும். 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் 21 வங்கிகளோடு வெள்ளோட்டத்தைத் தொடங்கிவைத்தார். பொதுமக்களுக்கான ஆப்கள் ஆகஸ்ட் கடைசியில் வந்தன. அந்த மாதம் நாடு முழுவதும் நடந்த பரிமாற்றம் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தது நவம்பர் 8-இல். நோட்டு ஒழிந்ததால் யூபிஐ பிறந்தது என்று இன்றும் பலர் சொல்லக் கேட்கிறேன். தேதியைப் பாருங்கள். பிள்ளை முன்பே பிறந்துவிட்டது. ஊரார் கண்ணில் பட்டதுதான் அப்புறம்.

சதுரமும் தண்டவாளமும் சேர்ந்தபோது ஒன்று தலைகீழானது. டென்சோவில் பொருளின் மேல் சதுரம், நிறுவனத்தின் கையில் கருவி. டீக்கடையில் கடைக்காரரிடம் சதுரம், கருவி வாடிக்கையாளர் பையில். அதற்கு முன் கார்டில் காசு வாங்க வேண்டுமென்றால் கடைக்காரர்தான் ஸ்வைப் மெஷின் வைக்க வேண்டும், விற்றதில் ஒரு பங்கை வங்கிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். பன்னிரண்டு ரூபாய் டீயில் எதை விட்டுக்கொடுப்பது? அட்டையோ அச்சடித்த காகிதம். கரண்டு வேண்டாம், ரிப்பேர் இல்லை. 2020 ஜனவரி முதல் யூபிஐ-யில் வாங்கும் காசுக்குக் கடைக்காரரிடம் பிடித்தமும் கூடாது என்றாகிவிட்டது. பணமில்லாப் பரிமாற்றத்தை நம் ஊரில் ஓட வைத்தது விளம்பரம் இல்லை, இந்த மலிவுதான் என்பது என் கட்சி.

முதலில் ஆப்புக்கு ஒரு அட்டை இருந்தது. கல்லாப்பெட்டி முன்னால் நாலைந்து அட்டை தோரணம் போலத் தொங்கும். எதில் எது படிக்கும் என்று நாம் திணறுவோம். 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தனக்கு மட்டும் என்று யாரும் புதிதாகச் சதுரம் போடக் கூடாது என்றது. அதனால்தான் இன்று எந்த ஆப்பையும் எந்த அட்டையிலும் காட்டலாம். தமிழ்நாட்டில் எந்த ஆப்பில் போட்டாலும் 'ஜிபே பண்ணிட்டேன்' என்றுதான் சொல்கிறோம். அது வேறு விஷயம்.

என் வீட்டில் நெடுநாள் மசியாதவர் என் அப்பா. "இந்தப் படத்தை எவனாவது போட்டோ எடுத்துட்டுப் போனா என்னடா ஆகும்?" என்றார் டீக்கடை அட்டையைக் காட்டி. நல்ல கேள்வி. அந்தச் சதுரத்துக்குள் இருப்பது ஒரே ஒரு வரி: இந்தச் செல்லப்பெயருக்குப் பணம் போடு. போட்டோ எடுத்தவன் மாஸ்டருக்குக் காசு போடலாம், எடுக்க முடியாது. "சரி, என் பின் நம்பர் இந்த ஆப்காரனுக்குத் தெரியும்ல?" தெரியாது. பின் நம்பர் கேட்கும் அந்தப் பக்கம் மட்டும் ஆப்புடையது இல்லை, என்பிசிஐ கொடுத்தது. நாம் அடித்த எண் அங்கேயே பூட்டப்பட்டு நம் வங்கிக்குப் போகிறது. சரியா தவறா என்று பார்ப்பது வங்கிதான். அப்பா கொஞ்சம் இறங்கிவந்தார். பென்ஷன் கணக்கைத் தொடாமல் வேறொரு கணக்கு தொடங்கி, அதில் இரண்டாயிரம் ரூபாய் மட்டும் போட்டு, அதை ஆப்பில் சேர்த்தோம். போனால் அது மட்டும்தானே போகும்.

நான்தான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் பழக்கடையில் கோட்டைவிட்டேன். அடுத்தடுத்து இரண்டு தள்ளுவண்டி, இரண்டு அட்டை. கொய்யா வாங்கியது ஒரு அக்காவிடம், காசு போட்டது பக்கத்து வண்டி அண்ணனுக்கு. "வரலயே தம்பி" என்றார் அக்கா. அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே தன் கல்லாவிலிருந்து அறுபது ரூபாயை எடுத்து அக்காவிடம் நீட்டினார். பின் அடிப்பதற்கு முன் திரையில் ஒரு பெயர் வருமே, அதைப் படிக்காமல் விட்ட வினை. இரவோடு இரவாகக் கடை அட்டையின் மேல் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போகும் திருடனும் நம்புவது நம்முடைய இந்த அவசரத்தைத்தான்.

கடைக்காரர்கள் பக்கத்தில் வேறொரு பயம் இருந்தது. கூட்ட நேரத்தில் ஒருவன் போனைத் தூக்கிக் காட்டி "போட்டாச்சுண்ணே" என்பான். அது நேற்றைய ஸ்க்ரீன்ஷாட்டா, இன்றையதா? பால் பொங்கும்போது யார் எஸ்எம்எஸ் பார்ப்பது? 2019-இல் பேடிஎம் ஒரு சின்னப் பேசும் டப்பாவைக் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். உள்ளே ஒரு சிம் கார்டும் ஸ்பீக்கரும்தான். காசு கணக்கில் ஏறியதும் "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சொல்லும். மாதாமாதம் வாடகை கட்டி அதை வைத்துக்கொள்கிறார்கள். இலவச அட்டை தராத நிம்மதியை அந்தக் குரல் தந்தது. மாஸ்டர் முதுகைக் காட்டியபடி டீ ஆற்றுகிறார், காது மட்டும் கல்லாவில் இருக்கிறது.

முதல் மாதத்தில் ஒரு லட்சத்தைத் தொடாத யூபிஐ பரிமாற்றங்களின் எண்ணிக்கை 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டியது.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ அத்தையோ இன்னும் தயங்கிக்கொண்டிருந்தால் டீக்கடைக்குக் கூட்டிப்போங்கள். சிறு தொகை போட்ட தனிக்கணக்கு, ஒரு டீ, திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படிப்பது, அவ்வளவுதான் முதல் பாடம். பின் நம்பரை அவர்களே அடிக்கட்டும், நீங்கள் போனைப் பிடுங்கி அடித்துக் கொடுக்காதீர்கள். பணம் வாங்க 'பின்' நம்பர் ஒருபோதும் வேண்டியதில்லை, கேட்பவன் திருடன் என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். போனில் 1930 என்ற எண்ணையும் பதிந்து கொடுங்கள்; ஏமாந்தால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே கூப்பிட வேண்டிய எண் அது.