போரும் நாட்டினப் பற்றும்: பெண்ணை நேசிக்கும் பெண் பற்றிய பொதுக்கருத்து

போர் மூளுங்கால் ஒரு நாடு பகைவனை எல்லைக்கு அப்பால் மட்டுமன்றித் தன் மனையினுள்ளும் தேடத் தொடங்குகின்றது. வீரரைப் பெற்றெடுக்கும் தாயே நாட்டின் திருவுருவெனப் போற்றப்படுகின்றாள். அவ்வுருவில் அடங்காத பெண் ஐயத்துக்கு உரியவளாகின்றாள். பெண்ணை நேசிக்கும் பெண்ணின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகரும்.

முதலாம் உலகப் போரின் இறுதியாண்டான 1918இல், பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் நோயல் பெம்பர்ட்டன் பில்லிங், ஒழுக்கக் கேட்டினால் ஜெர்மானியரின் பிடிக்குள் அகப்பட்ட 47,000 பிரித்தானியரின் பெயர்ப்பட்டியல் உளதெனப் பறைசாற்றினார். நடனமாது மோட் அலனையும் தம் பத்திரிகையில் அப்பழியோடு பிணைத்தார். அவர் தொடுத்த அவதூறு வழக்கில் பில்லிங் விடுதலை பெற்றார். அன்று தன்பாற் காதல் என்பது தேசத் துரோகத்தின் மறுபெயராயிற்று. மூன்றாண்டுகளின் பின், 1921இல், பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் விதியைப் பொதுமக்கள் சபை ஏற்றது. பிரபுக்கள் சபையோ, இதனைப் பேசுவதே அதனைப் பரப்பும் என அஞ்சித் தள்ளியது. ஆக, பழியும் மௌனமும் ஒரே அச்சத்தின் இருமுகங்களே.

இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிற் பின்னர்ச் சேர்க்கப்பெற்ற 365அ பிரிவு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995இல் அப்பிரிவு திருத்தப்பட்டு, ‘ஆண்’ என்ற வரையறை நீங்கி, பெண்களும் அதனுள் அடங்கினர். அவ்வாண்டே வடகிழக்கிற் போர் மீண்டும் மூண்டது. திருத்தம் போருக்காக எழுந்ததன்று. எனினும் போர்க்காலத்தின் பண்பாட்டுக் காவலருக்கு அது கைக்கருவியாயிற்று. தன்பாலீர்ப்புடைய மகளிரின் மாநாடு பற்றிய செய்தியை அடுத்து, அவர்கள்மீது பாலியல் வன்முறையாளரை ஏவவேண்டுமென ஆங்கில நாளிதழொன்றில் வாசகர் கடிதம் வெளிவந்தது. முறைப்பாட்டை 2000இல் தள்ளிய பத்திரிகைப் பேரவை, இவ்வியல்பு சட்டப்படி குற்றமெனச் சுட்டி, முறையிட்டவரையே செலவுத்தொகை செலுத்தப் பணித்தது. அந்நியர் இயற்றிய சட்டம் நாட்டின் பண்பாடாகவும், நம்மிடையே பிறந்த பெண்கள் அந்நியராகவும் கருதப்பட்ட விந்தை ஈண்டு நோக்கற்பாலது.

இவ்விந்தையை ஊவாத் தோட்ட மக்கள் அறியாதவரல்லர். 1947இல் பதுளைத் தொகுதி இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரைத் தெரிவு செய்தது; அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. அக்குறை முற்றாகத் தீரும் சட்டம் 2003இலேயே வந்தது. தோட்டத்துச் செக்றோல் பெண்ணின் பெயரையும் வேலைநாளையும் பதிந்தது. அவள் நெஞ்சைப் பதிந்ததில்லை. பதியப்படாத நெஞ்சுடையவள் இல்லாதவள் ஆகிவிடுவாளா? பல தலைமுறை உழைத்தும் ‘அந்நியர்’ எனப்பட்டோர், அச்சொல்லைப் பிறர்மீது எறியுமுன் ஒருகணம் தயங்குதல் முறையன்றோ?

2022இல் ஐக்கிய நாடுகளின் பெண்கள் உரிமைக் குழு, ரொசானா பிளேமர்-கல்தேராவின் முறைப்பாட்டில், 365அ பிரிவு அவரது உரிமையை மீறியதெனக் கண்டது. 2023 மே மாதத்தில், அதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டமூலம் நிறைவேறுமுன் 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. போர் 2009இல் ஓய்ந்தது. அது வளர்த்த ஐயம் ஓய்வதற்கோ படைகள் போதா. தெளிந்த கல்வியே வேண்டும்.